மாட்டுச் சங்கிலியில் கட்டிய ஸ்பிரிங்

பொற்கொடிக்குப் பாம்பென்றால் பயமில்லை, பேயென்றால் பயமில்லை, மாமியாரென்றால்கூடப் பயமில்லை. கார் ஸ்பிரிங் என்றால் மட்டும் பயம். வாய்த்ததோ அதுவே பிழைப்பு. சூலூரில் புருஷன் மாசாணம் கார் பட்டறை வைத்திருந்தான். ஜாக்கி பிடிப்பது அவள் வேலை. தறிக்குப் போய்க்கொண்டிருந்தவளை, “வெளியாளு எதுக்கு, நீயே வா புள்ள” என்று கூட்டி வந்தவன் அவன்தான். பக்கத்துப் பட்டறைக் கரீமின் தாடையை ஒரு ஸ்பிரிங் துள்ளிப் பெயர்த்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பாவம், அந்த மனுசன் இன்றைக்கும் சோற்றைக் கரைத்துத்தான் குடிக்கிறார்.

மாசாணத்துக்கு இதெல்லாம் கேலி. “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி” என்பான். வேண்டாம், முடியாது என்பதெல்லாம் அவன் வாயில் வராது. யார் என்ன கேட்டாலும் “ஆகட்டுங்க”தான். அந்த ஆகட்டுங்க என்றைக்காவது ஒருநாள் தன் தாலியை அறுக்கும் என்று அவள் பயந்துகொண்டே குடித்தனம் நடத்தினாள்.

தொண்ணூற்று நாலில் ஆர்.எஸ்.புரத்திலிருந்து கிருபாசங்கர் வந்தார். மில்லுக்காரர் வீட்டுப் பிள்ளை. சீமையிலிருந்து எப்போதோ கப்பலில் வந்த பழைய பந்தயக் கார், இரண்டே சீட்டு, அவருக்கு உயிர்.

“மூக்கைத் தூக்கிட்டு நிக்குதுங்க. வளைவுல ஆடுது. முன்னாடி மட்டும் ரெண்டு விரக்கடை எறக்கிக் குடுங்க” என்றார்.

“அப்படின்னா ஸ்பிரிங்கைக் கழட்டி ஒரு சுத்து வெட்டோணுமுங்க.”

“ஆகுமுங்களா?”

பின்னால் நின்ற பொற்கொடி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் திரும்பியே பார்க்கவில்லை. “ஆகட்டுங்க” என்றான்.

முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே அந்த ஸ்பிரிங் நசுங்கி உட்கார்ந்திருக்கும். போல்ட்டைக் கழற்றிவிட்டால் அதை அடக்கி வைத்திருப்பது கீழே முட்டுக் கொடுத்த ஜாக்கி மட்டும்தான். ஜாக்கிக் கம்பியைத் திருப்பித் துளித்துளியாக இறக்கினால் ஸ்பிரிங் பெருமூச்சு விட்டுக்கொண்டு வெளியே வரும். சட்டென்று விட்டால் எதிரில் இருப்பவனைப் பார்த்துத் துள்ளும்.

அவள் அம்மா வீட்டு மாட்டுச் சங்கிலியைக் கொண்டுவந்து ஸ்பிரிங்கையும் இரும்புக் கையையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினாள்.

“எருமையையா கட்டறே?” என்று சிரித்தான் மாசாணம்.

“சிரிங்க. சிரிக்கறதுக்கும் தாடை வேணுமுங்க.”

இடது பக்கம் சொன்னபடி முடிந்தது. கழற்றி, ஒரு சுற்று வெட்டி, மாட்டியாயிற்று. சங்கிலியை வலது பக்கத்துக்கு மாற்றிக் கட்டியபோது பொற்கொடிக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்து ஜாக்கிக் கம்பி வழுக்கியது. முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பிடித்தாள். மாசாணம் சக்கரம் இருந்த பொந்துக்குள் முகத்தை நுழைத்திருந்தான். மட்கார்டு மறைத்ததால் அவளுக்குத் தெரிந்தது அவன் கால்கள் மட்டும். போல்ட்டு ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. மாரியாத்தா, மாரியாத்தா என்று அவள் வாய் முணுமுணுத்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. அவன் குரல் மாதிரியே இல்லை.

“உட்டுரு புள்ள.”

நம் பக்கத்தில் இந்தச் சொல் ஒரு குழப்படிக்காரச் சொல். பிடித்திருப்பதை விடு என்றாலும் உட்டுருதான். வேண்டாம், போய்த் தொலையட்டும் என்றாலும் உட்டுருதான். அவள் கையில் ஜாக்கிக் கம்பி இருந்தது. விடச் சொல்கிறான் என்று ஒரேயடியாகத் திருப்பிவிட்டாள்.

பட்டறையே அதிர்ந்தது. தகரக் கூரையில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. பொற்கொடி வண்டியைச் சுற்றித் தவழ்ந்தே போனாள். ஸ்பிரிங் மட்கார்டைக் கிழித்துக்கொண்டு வந்து சங்கிலி முனையில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி மாசாணத்தின் முகம். அவள் அவன் தாடையைத் தொட்டாள், உதட்டைத் தொட்டாள், பல்லைக்கூடத் தடவிப் பார்த்தாள்.

“எதுக்கு புள்ள தொறந்தே?”

“நீங்கதானுங்களே உட்டுருன்னீங்க.”

“ஜாக்கி வழுக்குச்சு. ஸ்பிரிங்கு என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருந்துச்சு. பயந்துபோட்டேன். இந்த வேலையே வேண்டாம், உட்டுருன்னேன்.”

தாலி கட்டிய நாளிலிருந்து வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தை அவன் வாயில் வர வேண்டும் என்று அவள் வேண்டாத சாமியில்லை. வந்தது. வந்தது அவளுக்கே விளங்காமல் போயிற்று.

சாயங்காலம் கிருபாசங்கர் வந்தபோது கார் ஒரு பக்கம் தாழ்ந்து, மறுபக்கம் கட்டையில் நின்றது. மாசாணம் எழுந்து போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“இது என்னால ஆகாதுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க.”

கிருபாசங்கர் கிழிந்த மட்கார்டைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், அவருக்கே முகம் வெளுத்துவிட்டது. நல்ல மனுசன், அவன் தோளில் கை வைத்தார்.

“உட்டுருங்க மாசாணம். வண்டி கெடக்குது” என்றார்.

மூலையில் உட்கார்ந்திருந்த பொற்கொடியின் கை அந்தச் சொல்லைக் கேட்டதும் தானாகத் திரும்பியது. மத்தியானத்திலிருந்து அவள் கீழே வைக்காத ஜாக்கிக் கம்பி தரையில் விழுந்து உருண்டது.