ஒரே பக்கம் நின்றவர்கள்

ஒரே பக்கம் நின்று போரிடுகிறவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு தூரம் நம்ப வேண்டும்? நூருன்னிசா இந்தக் கேள்வியை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் அவருடைய பகல் பொழுது பெரும்பாலும் இதற்கே செலவாகிறது.

இன்று யாங்கோன் எனப்படும் ரங்கூனில், பான்சொடன் தெருவின் நடைபாதையில் காலை பத்து மணிக்குத் தார்ப்பாயை விரித்துப் பழைய புத்தகங்களைப் பரப்பியதும் அவர் மூன்றை மட்டும் மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் நினைவுகள் ஒன்று. அமெரிக்கர் ஒருவருடையது இன்னொன்று. மூன்றாவது, சீன அதிகாரி ஒருவர் எழுதி ஆங்கிலத்துக்கு வந்தது. மூன்றிலும் ஒரே தேதியைத் தேடி எடுத்து, உதட்டை அசைத்து, மாற்றி மாற்றிப் படிக்கிறார். வாடிக்கையாளர் வந்து நின்றால் பத்தி முடியும் வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான்.

"ஒரே நாளு, ஒரே கூட்டம், ஒரே மேசை. மூணு பேரும் மூணு விதமா எழுதி வச்சிருக்கானுங்க சயா. டீ ஆறிப் போச்சுங்கறது மட்டும் மூணுலயும் ஒத்துப் போவுது."

சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் எல்லோரும் அவருக்குச் சயாதான்.

வயது அறுபத்து மூன்று. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறார். இடது முழங்கால் மடங்காது என்பதால் ஒரு காலை நீட்டியே உட்காருவார். புத்தகக் கடைக்கு முன்னால் இருபது வருடம் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை. தன் கட்சிக்காரர் மனுவை அடித்த கையோடு எதிர்த்தரப்பு மனுவுக்கும் நகல் அடித்திருக்கிறார். எந்தத் தரப்பைப் படித்தாலும் மறுதரப்பு எங்கே என்று தேடும் பழக்கம் அங்கே வந்திருக்க வேண்டும். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, தலையில் முக்காடு, காதோரம் செருகிய பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. வரிக்கு அடியில் வைத்து நகர்த்துவதோடு சரி.

அவரிடம் குறைகளும் உண்டு. பேரம் பேசுகிறவரை முறைப்பார். இரண்டு பாகமாக வந்த நூலில் ஒன்றைத் தனியாகத் தர மாட்டார். தத்துவ நூல் தேடிப்போன என்னிடம், "அது எடைக்குத்தான் போவும், பின்னால கெடக்கு, பாத்துக்குங்க" என்றார். தான் அதிகம் படித்தவர் என்பதை மறைக்க அவர் சிரமப்படுவதில்லை.

போரைப் பற்றி அவர் சொல்வது சுருக்கமாக இதுதான். "அமெரிக்காக்காரனுக்குச் சீனாவுக்குப் போற ரோடு வேணும். இங்கிலீஷ்காரனுக்கு ரோட்டுல ஆசையில்ல, பறிகொடுத்த துறைமுகமெல்லாம் வேணும். சீனாக்காரன், நீ கடல் பக்கம் இறங்கு, அப்பத்தான் நான் மலைப் பக்கம் இறங்குவேன்னு உக்காந்துட்டான். சரி, இறங்கறோம்னு கெய்ரோவுல வாக்குக் குடுத்தாங்க. பத்து நாளுல திருப்பி வாங்கிக்கிட்டாங்க. படகு பத்தலையாம். ஐரோப்பாவுக்கு வேணுமாம்."

தெருக்கோடியில் தெரியும் ஆற்றுப் பக்கம் கையை நீட்டுவார். "அதுக்கும் முந்தியே இங்க ஆரம்பிச்சிட்டுது. சீனாவுக்குன்னு வந்த அமெரிக்கச் சாமானை இந்தத் துறைமுகத்துலயே இங்கிலீஷ்காரன் கேக்காமப் பிடிச்சு வச்சிக்கிட்டான். ஜப்பான்காரன் இன்னும் ஊருக்குள்ள வரவே இல்ல. அதுக்குள்ள வீட்டுக்குள்ள சண்டை."

ஜப்பானியர் நுழைந்த அந்த 1942-இல் இந்தியாவை நோக்கி நடந்தே போய் வழியில் செத்த தமிழர்களைப் பற்றி ஒரு நாள் கேட்டேன். "அது எங்க வீட்டுல சொன்னது. புத்தகத்துல தேடணும்னு இல்ல" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார்.

சென்ற மழைக்காலம் வரை அவர் ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருட இடம். புத்தகங்கள் எட்டு டிரங்குப் பெட்டிகளில், படிக்கட்டின் அடியில் இருந்தன. பக்கத்தில் ஜமால், வாசிப்புக் கண்ணாடி விற்பவர், ஐம்பது வயது. அதற்கடுத்து புஷ்பலதா, போன் உறை விற்கும் இளம்பெண். இவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. புத்தகத்தைக் கையில் எடுத்து, எழுத்துக் கண்ணுக்குத் தெரியாமல் விழிக்கிறவரை நூருன்னிசா ஜமாலிடம் அனுப்புவார். கண்ணாடி போட்டவர் திரும்பி வந்து புத்தகம் வாங்குவார். புஷ்பலதாவுக்கு இதில் லாபமில்லை. ஆனால் அவருடைய பேட்டரியில்தான் மூன்று கடைக்கும் விளக்கு எரிந்தது.

மழையில் மாடிப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பழுது பார்க்கவேண்டும், வாசலைக் காலி செய்யுங்கள், உள்ளே படிக்கட்டின் பக்கம் ஒரே ஒரு கடைக்கு இடம் தரலாம் என்றார் கட்டடக்காரர். அன்று மாலை மூவரும் கூடினார்கள். நானும் இருந்தேன்.

"அந்த எடத்தை மூணாப் பிரிச்சுக் கேப்போம். தனியா யாரும் போய் ராஜி பேசக் கூடாது. அவர் எதைக் கேட்டாலும் சேர்ந்துதான் பதில்" என்றார் நூருன்னிசா.

"லாத்தா ஜெனரல் ஆயிட்டாங்க!" என்றார் ஜமால். அவருக்கு நூருன்னிசா லாத்தா, அதாவது அக்கா.

"அப்ப நான் யாரு ஆன்ட்டி? அமெரிக்காவா?" என்றார் புஷ்பலதா.

"பேட்டரி வச்சிருக்கேல்ல, அமெரிக்காதான்."

"நானு?" என்று கேட்டார் ஜமால்.

"நீ இங்கிலீஷ்காரன். ஒன் மூலை போவக் கூடாதுன்னு மட்டும் பாப்பே."

ஜமால் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப நீங்க சீனாவா லாத்தா? எல்லாரும் இறங்குற வரைக்கும் உக்காந்திருப்பீங்களா?"

"கால் மடங்கலையே, வேற என்ன செய்வேன்" என்றார் அவர். புஷ்பலதா சிரித்துச் சிரித்து இருமினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை கட்டடக்காரர் இறங்கி வந்து நூருன்னிசாவின் எதிரில் குந்தினார். பர்மிய மொழியில், தாழ்ந்த குரலில் பேசினார். தொழுகை முடிந்ததும் ஜமால் தன்னைத் தனியாக வந்து பார்த்ததாகவும், இடத்தைத் தனக்கே தரும்படி கேட்டதாகவும் சொன்னார். "அவரை விட நீங்கள் பழைய ஆள். எனக்கு உங்களுக்குக் கொடுக்கத்தான் விருப்பம். நாளைக் காலை சொல்லுங்கள்" என்று எழுந்து போனார். ஜமால் அப்போது கடையில் இல்லை. புஷ்பலதா இருந்தார், எல்லாம் அவர் காதில் விழுந்தது.

"கேட்டீங்களா ஆன்ட்டி? சிரிச்சிட்டே இருந்தான், பாத்தீங்களா? நேரா போயிட்டான்!"

"ம்."

"நீங்க வாங்கிக்குங்க. நான் தட்டைத் தூக்கிட்டு எங்க வேணாலும் நிப்பேன். எட்டுப் பெட்டியை நீங்க எங்க தூக்குவீங்க? எடைக்காரன்கிட்டதான் போடணும்."

"தெரியுது."

"ஒங்க புத்தகத்துல இப்படிப் பண்ணினவனை என்ன பண்ணுவாங்க?"

நூருன்னிசா பென்சிலைக் காதிலிருந்து எடுத்துத் திரும்பச் செருகினார். "சண்டை முடியுற வரைக்கும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"முடிஞ்ச பொறகு?"

"புத்தகம் எழுதுவாங்க."

ஜமால் வந்தபோது பேச்சு நின்றது. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில் அவருக்கு விஷயம் புரிந்திருக்கும். அன்று அவர் சீக்கிரமே கடை கட்டினார்.

நம்பிக்கை மனத்தில் தோன்றுவதா, செய்து காட்டுவதா என்று இரண்டு விதமாகவும் வாதிட்ட நூல்களைப் படித்திருக்கிறேன். மறுநாள் நடந்ததை எதில் சேர்ப்பதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவருக்கு அது கணக்குப் போட்டு எடுத்த முடிவா, இரக்கமா, களைப்பா என்றும் தெரியவில்லை. புஷ்பலதா பல தடவை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நூருன்னிசா வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். இப்போது அவர்கள் இருவரும் எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரே பெரிய குடையின் கீழ் இருக்கிறார்கள். மதியத்தில் அங்கே வெயில் நேராக விழும். எட்டுப் பெட்டிகளில் ஆறு எடைக்குப் போயின. எழுத்துத் தெரியாமல் விழிக்கிறவரை அவர் இப்போதும் தெருவைக் கடக்கச் சொல்லி ஜமாலிடம் அனுப்புகிறார். சிலர் திரும்பி வருவதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை கட்டடக்காரர் படிக்கட்டுக் கம்பிக் கதவின் சாவியோடு இறங்கி வந்தார். ஜமால் தலை நிமிராமல், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். சாவி தன் பக்கம் நீண்டதும் நூருன்னிசா கையை ஏந்தி வாங்கிக்கொண்டார். புஷ்பலதாவின் முகம் மலர்ந்தது. "மூன்று பேரும் பேசி முடிவு செய்துவிட்டோம்" என்று கட்டடக்காரரிடம் பர்மிய மொழியில் சொன்னார் நூருன்னிசா. பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்து நான்கு எட்டு நடந்து, ஜமாலின் தட்டில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அந்தச் சாவியை வைத்தார். திரும்பி வந்து குனிந்து, தார்ப்பாயின் ஒரு முனையை மடிக்கத் தொடங்கினார்.