முடியாது என்று சொன்ன நாள்

எங்கள் ஊரில் யாராவது ‘உன்னால் முடியுமா?’ என்று கேட்டால், பின்னாலேயே ஒரு வேலை வருகிறது என்று பொருள்.

சின்னசேலத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகிற சாலையில் இருக்கிறது ஊர். பொங்கல் கழிந்ததும் பாதிப் பேர் கரும்பு வெட்டக் கிளம்பிவிடுவார்கள். ஆள் சேர்க்க வருகிற மேஸ்திரி எங்களுக்கு மாமா முறை. பெரியவர்களிடம் பேசி முடித்ததும் பிள்ளைகள் பக்கம் திரும்புவார். வெயில் தாங்குவியா, கட்டுக் கட்ட வருமா, லாரி ஏத்துற வரைக்கும் தூங்காம இருப்பியா, வூட்டு நெனப்புல அழுவ மாட்டியே என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார்.

என் அக்கா எட்டாவது படிக்கும்போது எல்லாவற்றுக்கும் முடியும் என்றாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. அந்த வருஷம் கரும்புக்குப் போனவள் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை. அவள் பதில் சொன்னபோது நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பயந்த சுபாவம். காலையில் மணி அடிக்கக் கொஞ்சம் தாமதமானால்கூட, பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்களோ என்று தெருமுனைவரை ஓடிப்போய்ப் பார்ப்பேன். மாமா கேட்டால் என்ன சொல்வது என்று ராத்திரியெல்லாம் படுத்துக்கிடந்து ஒத்திகை பார்ப்பேன்.

நான் ஒன்பதாவது படித்தபோது, பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், ஏதோ பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். படிக்கிற பிள்ளைகளின் மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள், பயப்படாமல் பதில் சொல்லுங்கள் என்றார் வாத்தியார். பயப்படாமல் என்று அவர் சொன்னதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

“கஷ்டமான வேலையைக் குடுத்தா விடாம செஞ்சு முடிக்க உன்னால முடியுமாம்மா?”

எனக்கு விளங்கிவிட்டது. இந்தத் தடவை மாமா படித்த ஆளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்.

“முடியாதுங்க.”

புது இடத்தில் சமாளிப்பாயா? மாட்டேங்க. பிரச்சினை வந்தால் நீயே வழி கண்டுபிடிப்பாயா? தெரியாதுங்க. கவலையில் தூக்கம் வராமல் கிடந்தது உண்டா என்று கேட்டபோதும் உஷாராகவே இருந்தேன். தூங்காத பிள்ளை லாரி ஏற்றுவதற்கு உதவும். “படுத்தா அடிச்சிப் போட்ட மாதிரி தூங்கிடுவேங்க” என்றேன்.

அவள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். எதுவும் முடியாத, ஆனால் எந்தக் கவலையும் இல்லாத ஒரு பெண்ணை அவள் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டாள்.

போகும்போது வாத்தியாரிடம் என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறாள். அவரும் நல்ல மனசோடு அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்து, பிள்ளைக்குத் தன்னம்பிக்கை போதவில்லை, எதைக் கேட்டாலும் முடியாது என்கிறாள், வீட்டில் தைரியம் சொல்லுங்கள் என்றிருக்கிறார்.

அப்பா கோபப்படவில்லை. எனக்கு இன்றைக்கும் நெருடுவது அதுதான். பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினார்.

“படிப்பு உன்னை இம்மாம் பயமுறுத்திக்கினு இருக்குதுன்னு எனக்குத் தெரியாம பூட்சிம்மா. பத்தாவது இன்னும் ஜாஸ்தி கஷ்டமாம். வாணாம், வுட்டுடு.”

எல்லாம் என்னால் முடியும் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. ஆனால் கரும்புக்கு ஆள் பேசி முடிக்க வந்த மாமா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் காதுபட அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது?

“இன்னா பாப்பா, கட்டுக் கட்டுவியா?” என்றார் மாமா.

“கூட இருந்தா கத்துக்கும்” என்றார் அப்பா.

அம்மா என் சீருடைப் பாவாடையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். கரும்புக்காட்டில் நான் கட்டிய கட்டுகள் அவிழவில்லை என்று மாமா எல்லோரிடமும் சொன்னார்.

அந்தப் பெண் கடைசியாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. அதற்கு மட்டும் என்னிடம் பதில் தயாராக இல்லை. பெரியவளானதும் நீ என்னவாக ஆசைப்படுகிறாய் என்று கேட்டாள்.

மாமா ஒரு வருஷமும் யாரிடமும் கேட்டிராத கேள்வி அது. அதை வைத்தாவது அவள் மாமா அனுப்பிய ஆள் இல்லை என்று நான் கண்டுகொண்டிருக்கலாம். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.