மஞ்சளாய்த் தெரிந்த வெள்ளை

டில்லி ஓக்லாவில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் அனந்தலக்ஷ்மிக்கு வேலை, மரக்கூழை வெளுப்பது. நாலைந்து வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும் தைலமரத்தின் கூழைக் காகித ஆலைகள் பழுப்பு நிறத்தில் அனுப்பும். வெளுக்கும் மருந்து கலந்து, பையில் கட்டி, வெந்நீரில் வைத்துப் பிசைந்து, அலசி, மறுபடி மருந்து கலந்து, வெள்ளையானதும் வலுவைச் சோதிக்கச் சிறு தாள்களாக வார்ப்பாள்.

கரோல் பாகிலிருந்து மெட்ரோவில் நின்றபடியே போவாள், நின்றபடியே வேலை, நின்றபடியே திரும்புவாள். கணவர் சேஷுவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இவள் சம்பளம்தான் இருவருக்கும் சோறு. அடுத்த மாதம் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கவலையே அவளைப் பாதி தின்றிருந்தது.

அந்த வாரம் வெண்மையை அளக்கும் கருவி பழுதாகியிருந்தது. எப்போது நிறுத்துவது என்பதை அவள் கண்தான் சொல்ல வேண்டும். ஒரு ஆலையின் கூழ் எத்தனை அலசியும் மஞ்சளாகவே தெரிந்தது. டில்லியிலேயே பிறந்து வளர்ந்த மேலதிகாரி ஜ்யோத்ஸ்னா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆண்ட்டி, இந்த மரத்தோட உங்களுக்கு என்ன தகராறு? விடுங்க, ஜல்தி ரிப்போர்ட் போகணும்."

வெள்ளை போதாது என்று அனந்தலக்ஷ்மி இன்னொரு முறை மருந்து சேர்த்தாள்.

மறுநாள் தாள்கள் தொட்டவுடன் கிழிந்தன. நாரில் வலுவே இல்லை, இந்த மரம் காகிதத்துக்கு ஆகாது என்று ஜ்யோத்ஸ்னா அறிக்கை எழுதத் தொடங்கினாள். அது போய்ச் சேர்ந்தால் அந்த மரத்தை வளர்த்தவர்களிடம் ஆலை வாங்காது. பாவம், என்ன மரமோ என்றுதான் அனந்தலக்ஷ்மியும் நினைத்தாள்.

அன்று மாலை வீட்டில், ப்ளீச்சிங் பவுடரில் ஊறிய சேஷுவின் வேட்டியைப் பிழிந்தாள். அது நடுவில் பிளந்தது. இந்தக் கோடையில் இது மூன்றாவது வேட்டி.

கட்டிலிலிருந்து சேஷு மெதுவாகச் சொன்னார்: "வேட்டி வெள்ளையாத்தான் இருந்தது, லக்ஷ்மி. பாலைக்கூட மஞ்சள்னு சொன்னியே, அன்னிக்கே எனக்குத் தெரியும். கண்ணுல புரை. சொன்னா நீ வேலையை விட்டுடுவியோன்னு பயந்துண்டு, கிழிசலையே கட்டிண்டிருந்தேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. அழவும் தெம்பு வேண்டுமே. கிழிந்த வேட்டியை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டால் போதும், வேலை நிலைக்கும். பழி மரத்தோடு போய்விடும்.

காலையில் ஜ்யோத்ஸ்னாவின் மேஜை முன் நின்றாள். "அந்த ரிப்போர்ட்டை அனுப்பாதேம்மா. மரத்து மேல தப்பில்லை. வெள்ளையானது தெரியாம நான்தான் மேல மேல மருந்தைப் போட்டு நாரைச் சாகடிச்சேன். என் கண்ணு போயிண்டிருக்கு."

ஜ்யோத்ஸ்னா அறிக்கையை அழித்தாள். மிச்சமிருந்த பழுப்புக் கூழை எடுத்து வந்து வைத்தாள்.

"நீங்க பிசையுங்க, ஆண்ட்டி. எப்ப நிறுத்தணும்னு நான் பார்த்துச் சொல்றேன்."

ஒப்பந்தத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, வலிக்கும் காலை மாற்றி வைத்து நின்று, பிசையத் தொடங்கினாள்.