என் கையால் சாப்பிடாத கணவருக்காக நான் செய்த ஜெபம்

2006-ஆம் வருடம் மழைக்காலத்தில் என் கணவர் என் கையால் சாப்பிடுவதை நிறுத்தினார். சோற்றில் நான் விஷம் கலக்கிறேன் என்று ஒரு குரல் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்ததாம். அவர் எதிரிலேயே சாப்பிட்டுக் காட்டினேன். "மாத்து மருந்து குடிச்சிட்டு வந்து நடிக்கிற" என்றார்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் இருவரும் வேலை செய்தோம். அவர் சூளையில், நான் வண்ணம் தீட்டும் இடத்தில். அவர் இந்துக் குடும்பம், நான் கிறிஸ்தவப் பெண். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. பிள்ளையும் இல்லை.

வியாதி வந்ததும் அவர் வேலைக்குப் போகவில்லை. ஜன்னலை அட்டை வைத்து அடைத்தார். சபையார் வந்து ஜெபித்தார்கள். ஒருநாள் அவர் அவர்கள்மேல் செம்பை வீசினார். பிறகு யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், பயந்துவிட்டார்கள். என் அம்மாவுக்குப் போன் செய்தேன். "அந்தாள வுட்டுட்டு நீ மட்டும் வா" என்றார்.

வேலை முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் உட்காருவேன். எங்கேயும் போவதற்கு அல்ல, நாலு பேர் பேசுவதைக் கேட்பதற்கு. "கர்த்தாவே, இவரைச் சுகமாக்கும்" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனேன். கடைசியில், "எனக்குத் துணையாக ஒரே ஒரு ஆளை அனுப்பும்" என்று மட்டும் கேட்கத் தொடங்கினேன்.

கடலூரில் ஒரு மனநல டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். "மாத்திரைய சாம்பார்ல கலந்து குடுத்துடட்டுமா சார்?" என்றேன்.

"கூடாதும்மா. தெரிஞ்சா அவரு சந்தேகப்பட்டது நெசம்னு ஆயிடும். அவரு யார நம்புவாரு? அவங்கள வச்சி அவர இங்க கூட்டிட்டு வாங்க. நீங்க ஒருத்தரா தாங்க முடியாது."

எனக்குத் தோன்றியது ஒரே ஒருவர்தான். திட்டக்குடியில் இருக்கும் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி முறை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கல்யாணத்துக்குப் பிறகு எங்களோடு பேச்சே இல்லை. பூத்திலிருந்து போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு வைத்துவிட்டார். "லைன் கட்டாயிடுச்சாம்மா?" என்று பூத்துக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். அன்று எனக்கு ஜெபிக்க வார்த்தையே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் கதவு திறந்து கிடந்தது. அக்காவின் குரல் கேட்டு என் கணவரே திறந்துவிட்டிருக்கிறார். அண்ணி நெற்றி நிறையத் திருநீறோடு என் அடுப்படியில் நின்றிருந்தார்.

"ஸ்டெல்லா, உப்பு எங்க வச்சிருக்க?"

வருடக்கணக்காகப் பேசாதவர் என்னிடம் கேட்டது அதைத்தான்.

சோற்றைப் பிசைந்து முதல் வாயைத் தானே சாப்பிட்டார். அடுத்த வாயைத் தம்பியிடம் நீட்டினார். "குமாரு, அக்காடா. வாயத் தொற." என் கணவர் வெகுநேரம் அக்கா முகத்தையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

அக்கா கூப்பிட்டதும் அவர் கடலூருக்கும் வந்தார். மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது, குரல் கேட்கிறது என்று சொன்னால் சண்டை போடக் கூடாது, கேலியும் செய்யக் கூடாது என்று டாக்டர் எனக்கும் அண்ணிக்கும் சொல்லிக்கொடுத்தார். வயலில் வேலை இல்லாதபோதெல்லாம் அண்ணி பஸ் ஏறி வந்துவிடுவார். எங்களோடு தங்குவார். மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் என் கணவர் என்னிடம் கையை நீட்டி, "மாத்திரைய குடு" என்றார். என்னிடம்! அன்று கம்பெனிக்குத் தாமதமாகத்தான் போனேன். அழுது முடிக்க நேரமாகிவிட்டது.

அண்ணி ஒருமுறை சொன்னார்: "நீ ஒன் சாமிகிட்ட கேட்ட. நானும் கொளஞ்சியப்பர்கிட்ட வேண்டிக்கிட்டுதான் பஸ் ஏறுனேன்." நான் வாதாடவில்லை. என் கர்த்தர் அவரைத்தான் அனுப்பினார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது 2009. முழுச் சுகம் என்று பொய் சொல்லமாட்டேன். மாத்திரை தொடர்கிறது. சூளை வேலைக்குத் திரும்பிவிட்டார். சில நாள் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அப்போது எனக்கு யாருமே இல்லாததுபோல் இருக்கும். அண்ணிக்குப் போன் போடுவேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் மறைக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். சொந்தங்களைக் கூப்பிடுங்கள், போனை வைத்துவிட்டாலும் மறுபடி கூப்பிடுங்கள். துணைக்கு ஆள் அனுப்பும்படி கர்த்தரிடம் கேளுங்கள், அனுப்புவார். அப்படி ஒரு வீடு உங்கள் தெருவில் இருந்தால், அங்கே ஒருத்தி உங்களைத்தான் அனுப்பச் சொல்லிக் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து உள்ளே போய் உட்காருங்கள்.