எல்லாக் கதவும் என் கதவுதான்

ஒரே கை ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தால் அவற்றில் அசல் எது? முதலில் வரைந்ததா, நன்றாக வந்ததா, அல்லது அப்படி ஒன்று கிடையவே கிடையாதா? வேலையற்ற பொழுதில் யோசிக்கத் தோதான கேள்விதான். ஆனால் கதவுக்காரிக்கு அது வேலை தங்குமா போகுமா என்ற கேள்வியாக வந்து நின்றது. அதைவிட, இதுவரை செய்ததெல்லாம் தன்னுடையதா இல்லையா என்ற கேள்வியாகவும்.

அவர் வரைந்தது ஒரு கதவு. நீல மரக்கதவு, பாதி திறந்திருக்கும். இடுக்கு வழியே மஞ்சள் வெளிச்சம் வாசற்படியில் விழும். படியில் ஒரு ஜோடி செருப்பு. அவ்வளவுதான். படமும் சட்டமும் விற்கும் கடையின் பின்னறையில் நின்றுகொண்டு, கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதை வரைந்துவந்தார். ஹோட்டல் வரவேற்பறை, மருத்துவமனைத் தாழ்வாரம், புது வீட்டுக் கூடம் என்று ஊரெல்லாம் அந்தக் கதவு திறந்து கிடந்தது. தெருவில் அவர் பேரே கதவுக்காரி ஆகிவிட்டது.

பெரிய ஓவியர் என்று நான் சொல்ல மாட்டேன். கதவின் கீழ்ப்பாதி மரமாகத் தெரியாது, தகரமாகத் தெரியும். செருப்புகள் படியில் பதியாமல் கொஞ்சம் மிதக்கும். வெளிச்சம் மட்டும் சரியாக வரும். உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்ப வைக்கும்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கதவு முடிந்ததும் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் அடுத்த கேன்வாஸில் கை வைப்பார். நன்றாக விற்ற கதவு ஒன்றைப் போட்டோ எடுத்து முதலாளி அவர் கண்ணெதிரே ஒட்டிவைத்தார், பார்த்துப் போடச் சுலபமாக இருக்கட்டும் என்று. மறுநாள் அந்தப் போட்டோ தூரிகை கழுவும் டர்பென்டைன் டப்பாவுக்கு அடியில் ஈரமாகிக் கிடந்தது.

ஒவ்வொரு படத்தின் முதுகிலும் முதலாளி ஒரு சான்றிதழ் ஒட்டுவார். தங்கக் கரை போட்ட கெட்டித் தாள். ‘இது கையால் வரையப்பட்ட அசல் ஓவியம். இதுபோல் உலகில் வேறொன்று இல்லை.’ கீழே அவருடைய கையெழுத்தும் கடை முத்திரையும். இரண்டாவது வாக்கியம் பொய்யாகிவிடாமலிருக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

“செருப்பை மாத்திப் போடும்மா. செருப்பு மாறினா படமே மாறிடுச்சு.”

ஆகவே செருப்பு சில படங்களில் நேராக இருக்கும், சிலவற்றில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், சிலவற்றில் ஒன்று குப்புறக் கிடக்கும். முதலாளி இதை மனதார நம்பினார் என்றே நினைக்கிறேன். ஏமாற்ற நினைத்தவர் இன்னும் கவனமாக இருந்திருப்பார்.

பல் டாக்டர் ஒருவர் வக்கீல் நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது விஷயம் உடைந்தது. வக்கீல் கூடத்தில், டாக்டர் வீட்டில் இருந்த அதே கதவு மாட்டியிருந்தது. “உங்க வீட்டுல செருப்பு நேரா இருக்கு, எங்க வீட்டுல ஒண்ணு குப்புறக் கிடக்கு. மத்தபடி நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் வந்து போயிட்டு இருக்கோம்” என்றாராம் வக்கீல். டாக்டருக்கு அது சிரிப்பாக இல்லை. இருவரும் படங்களைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். வக்கீல் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். டாக்டர், தன்னுடையதுதான் அசல் என்று எழுதித் தரச் சொன்னார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு முதலாளி பின்னறைக்கு வந்தார்.

“டாக்டர் படம் மட்டும் நீ போட்டது, மத்ததெல்லாம் அதைப் பார்த்துக் கடை ஆளுங்க எடுத்த நகல்னு ஒரு கையெழுத்து போட்டுடு. வக்கீலுக்கு நான் சமாதானம் சொல்லிக்கிறேன்.”

“கடை ஆளுங்களா? இங்க எனக்கு அப்புறம் சட்டம் அடிக்கிறவர் ஒருத்தர்தான். அவர் ஆணியைவிட விரலைத்தான் அதிகமா அடிக்கிறார். அவரா கதவு போட்டாரு?”

“ஒரு பேச்சுக்குத்தானேம்மா. முதல்ல போட்டது அசல், அப்புறம் போட்டதெல்லாம் நகல். உலகத்துல அப்படித்தானே?”

“எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் அசல், சின்னவ நகலா?”

“பிள்ளையும் படமும் ஒண்ணா?”

“இல்லதான். என் பிள்ளைங்க முதுகுல நீங்க ஒண்ணும் ஒட்டலயே.”

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. மூத்த பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு யாரும் இளைய பிள்ளையைப் பெறுவதில்லை. ஆனால் நகல் எடுப்பவனுக்கு எதிரே ஒரு படம் வேண்டும். அவர் எதிரே எப்போதும் வெறும் சுவர்தான் இருந்தது. அவர் எதைப் பார்த்து வரைந்தார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. முதலாளியிடமும் இல்லை.

வீட்டில் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கதையைக் கேட்டுவிட்டு, “கையெழுத்துதானே கேக்குறாங்க, கையையா கேக்குறாங்க?” என்றார்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஊருல பாதி லிஃப்ட் என் கை பட்டதுதான். ஒண்ணுலயாவது என் பேரு இருக்கா? நான் என்ன சண்டைக்கா போறேன்?”

“ஒண்ணு அறுந்து விழட்டும், அப்ப உங்க பேரு தன்னால வரும்.”

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். “வேலை போயிடும்” என்றார், தணிந்த குரலில்.

“போகட்டும். போட்டதைப் போடலன்னு சொல்லிட்டு அங்க போய் நின்னா, அப்புறம் போடுறது மட்டும் எப்படி என்னுதாகும்?”

மறுநாள் கடையில் இரண்டு படங்களும் முதுகைக் காட்டிக்கொண்டு மேஜைமேல் கிடந்தன. முதலாளி வாயைத் திறக்குமுன் கதவுக்காரி சின்னத் தூரிகையில் கறுப்பை எடுத்து, இரண்டு சான்றிதழ்களிலும் இரண்டாவது வாக்கியத்தை அடித்தார். முதல் வாக்கியத்தை விட்டுவைத்தார். அதன் பக்கத்தில் தன் பெயரை எழுதினார்.

“ரெண்டும் நான் போட்டது. ரெண்டும் அசல்.”

“சரி, எதை முதல்ல போட்டீங்க?” என்றார் டாக்டர்.

“முதல் பல்லுக்கு மட்டும்தான் அசல் வேலை பாப்பீங்களா டாக்டர், மத்ததுக்கு நகலா?”

“நான் என் படத்தைப் பத்திக் கேக்குறேன்.”

“நானும் என் படத்தைப் பத்தித்தான் சொல்றேன்.”

டாக்டர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். தனக்கு மட்டும் என்று வாங்கியவருக்கு அது நியாயம்தான். வக்கீல் தன்னுடையதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முதலாளி நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கதவுக்காரி தூரிகைகளைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் வக்கீல் வாய் சும்மா இருக்கவில்லை. கதை பரவ, கதவை வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் படத்தைச் சுமந்துகொண்டு கதவுக்காரி வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். சிலருக்கு அது அவர் கையால் போட்டதுதானா என்ற சந்தேகம், சிலருக்கு வெறும் வேடிக்கை. அவர் முகம் கோணாமல் வாக்கியத்தை அடித்து, பெயரை எழுதிக் கொடுத்தார். யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. கடையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வரைந்த கதவும் ஒருநாள் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். “இது என் கதவு இல்ல. மரம் நல்லா வந்திருக்கு, போட்டவங்ககிட்டயே கையெழுத்து வாங்கிக்குங்க” என்று திருப்பி அனுப்பினார்.

கடைசியாக அவருடைய அக்கா வந்தார். அடுத்த தெருவில் துணி தைப்பவர். தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த கதவைப் பழைய புடவையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அதில் கதவின் நீலத்தில் கொஞ்சம் பச்சை கலந்திருந்தது. செருப்பே இல்லை. கடையில் சேருவதற்கு முன்னால் தங்கை வரைந்தது.

“உன் முதலாளி வந்து கேட்டாருடி, முதல்ல போட்டது இதுதானேன்னு. நான் குடுக்கல, போய்யான்னு அனுப்பிட்டேன். என்கிட்டயே இருக்கட்டும். நீ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடு.”

கதவுக்காரி படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். வெளிச்சம் விழுந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினார்.

“என்னடி, ஊருக்கெல்லாம் போடுற, எனக்குப் போட மாட்டியா?”

அவர் படத்தைப் புடவையிலேயே திரும்பச் சுற்றி அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அன்று கோபித்துக்கொண்டு போனார், பிறகு பேசினார், ஒருமுறை மறுபடியும் கேட்டும் பார்த்தார். கணவரும் கேட்டார், நானும் கேட்டேன். கடைசிவரை அந்த ஒன்றில் மட்டும் அவர் கையெழுத்துப் போடவில்லை.