தண்ணீர்த் தொட்டியில் பருந்துக்கூடு

மலேசியாவின் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கைக் காவல்காக்கும் ஜாகா வேலை பார்த்தார் நல்லம்மாள். 1994ஆம் ஆண்டு. காவல் அறையில் கண்காணிப்புக் கேமராக்களின் படம் காட்டும் எட்டு சின்ன டிவிகள். ஆறாவதில் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி தெரியும். அதன்மேல் ஒரு செம்பருந்து ஜோடி கூடு கட்டியது.

கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் பன்னிரண்டு மணி நேர வேலையில் நல்லம்மாளின் கண் அங்கேயே போகும். குஞ்சு இரண்டு பொரித்த அன்று சந்தோஷம் தாங்காமல் மேனேஜர் ஜெயராஜைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. தொட்டிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார் ஜெயராஜ்.

"ஒரு மாசம் பொறுங்க சார். பறந்துரும்."

"சரிலா, பாத்துக்கலாம்."

நல்லம்மாள் அதை நம்பி வியாழக்கிழமை லீவில் வீட்டிலிருந்தார். வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் தொட்டி பளபளவென்று இருந்தது. கூடு இல்லை. முந்தின நாள் கேமராப் படம் பதிவான கேசட்டைப் போட்டுப் பார்த்தார். ஏணியில் ஏறிய ஆள் கம்பால் கூட்டைத் தள்ளினான். குஞ்சுகளும் அதோடு விழுந்தன. கீழே நின்று கைகாட்டிக்கொண்டிருந்தவர் ஜெயராஜ்.

அதே நேரம் ஆறாவது டிவியில் தாய்ப்பருந்து மீனோடு வந்து தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தது. மீனைக் கீழே வைத்துவிட்டு இங்கும் அங்கும் நடந்தது. மூன்று நாள் அப்படி வந்தது. மூன்று நாளும் நல்லம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. தானே காட்டிக்கொடுத்தோமே என்று தன்மேலும் எரிச்சல்.

நான்காம் நாள் நேராக ஜெயராஜின் அறைக்குப் போனார்.

"முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? நான் லீவுல போற நாளாப் பாத்து செய்வீங்களா?"

"பருந்துக்கு இவ்வளவு கோவமா ஆன்டி?"

"ரப்பர் தோட்டத்துல எங்களுக்கும் வீட்டக் காலி பண்ண ஒரு மாசம் டைம்னாங்க. ஒரே வாரத்துல வந்து கூரையக் கழட்டுனாங்க. சரின்னு சொல்லிட்டு ஏமாத்துறவன எனக்கு நல்லாத் தெரியும்."

அன்று மாலை கேசட்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய், வனவிலங்கு அதிகாரி ஒருவரிடம் கொடுத்தார். அவர் கிடங்குக்கு வந்து விசாரித்தார். கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவ்வளவுதான். பெயிண்ட் அடித்த ஆளுக்கு வேலை போனது. ஜெயராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நல்லம்மாளை இன்னும் கொதிக்க வைத்தது.

கேசட்டை வெளியே கொண்டுபோனது தப்பு என்று மன்னிப்புக் கடிதம் ஒன்றை டைப் செய்து கம்பெனியில் அவரிடம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் ரவாங் கிளைக்கு மாற்றல், போடாவிட்டால் வேலை இல்லை.

"மன்னிப்பு அவருதான் கேக்கணும்," என்றார் நல்லம்மாள்.

மறுநாள் யூனிஃபார்மைத் துவைக்காமல் சுருட்டி எடுத்து வந்து, ஜெயராஜின் மேசைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறினார். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடியில் வேலை கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று.