எதிர்வீட்டுக்காரரின் பன்னிரண்டு விளக்குகள்

இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்ததில் மனுஷருக்குக் கிடைத்த ஒரே தத்துவம், யாராவது பட்டனை அழுத்தினால் ஒழிய எதுவும் நகராது என்பதுதான். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கூப்பாடு போடுவார்கள், கதவை உதைப்பார்கள். இவர் கதவிடுக்கில் வாயை வைத்து, "பதறாதீங்க, அது தானா எங்கயும் போகாது" என்பார். அந்தக் குரலிலேயே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். இந்தத் தத்துவத்தை நம்பித்தான் பின்னால் ஒரு காரியம் செய்து, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. பத்தொன்பது வருடம் அடுத்தவர் கடையில் கால் கடுக்க நின்றவளுக்குச் சொந்தமாக ஒரு கடை வைக்க ஆசை. அது எங்கே நடந்தது? கம்ப்யூட்டரில் மனிதர்களை உண்டாக்கி, வீடு கட்டி, பிழைக்க விடுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. மகள் அதைக் காட்டிக் கொடுத்தாள். தாயும் மகளுமாகச் சேர்ந்து, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய விளக்குக்கடைக் குடும்பம் ஒன்றை அதில் குடிவைத்தார்கள். கீழே கடை, மாடியில் வீடு. குடும்பத்துக்குச் சட்டதிட்டமும் உண்டு. விளையாட்டில் ஒரு வாரம் போனால் பத்து வருடம் போனதாகக் கணக்கு. கணக்குப்படி மின்சாரக் காலம் வரும் முன்னால் வீட்டுக்குள் மின்சாரச் சாமான் எதுவும் வரக்கூடாது. கடை மூத்த பிள்ளைக்கு. எல்லாவற்றுக்கும் மேலான சட்டத்தை மனைவி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டியே வைத்திருந்தாள்: "போனது போனதுதான்." பிடிக்காதது நடந்துவிட்டது என்று பழைய பதிவுக்குத் திரும்பிப் போகக்கூடாது. இவர் துணி மடித்தபடியே, வேலையத்த அம்மாவும் வேலையத்த பொண்ணும் என்று கேலி செய்வார். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

ஒரு மத்தியானம் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு வாஷிங் மெஷினையும் அதைத் தூக்கி வந்த இரண்டு பேரையும் இவர் வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது, பையில் கிடந்த போன் இரண்டு தடவை அடித்தது. கையெல்லாம் கிரீஸ். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். வீட்டுக்கு வந்தபோது அவள் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டிருந்தாள். விளையாட்டு அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்ட நேரத்திலும் அதை நிறுத்திவிட்டுத்தான் இவரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

லிஃப்டிலிருந்து வெளியே எடுத்த அந்த இரண்டு பேரும் அன்றைக்கு இவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வரும்.

மகள் தான் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு மாதம் கழித்துத்தான் இவர் லேப்டாப்பைத் திறந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்தக் கதை. திரையில் விளக்குக்கடையின் மூன்றாம் தலைமுறைக்காரி, வெள்ளைக் கொண்டை போட்ட கடைக்காரம்மா, கல்லாவுக்குப் பின்னால் கையை இடுப்பில் வைத்து நின்றாள். அந்த மூக்கு மனைவியின் மூக்கு. திருட்டுத்தனமாகத் தன் மூக்கையே வைத்திருக்கிறாள். இவர் மகளைக் கூப்பிட்டு, எப்படி ஆடுவது, எப்படிப் பதிவு செய்துவிட்டு வெளியே வருவது என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். அந்தக் கடைக்காரம்மாவின் வயதைக் காட்டும் கோடு நிறைகிற மாதிரி இருக்கிறது, விளையாட்டில் இன்னும் பன்னிரண்டு நாள் தாண்டினால் அதிசயம் என்று மகள் சொன்னாள். சரி என்று போனை வைத்தவர், அந்தக் குடும்பத்தைத் தொடவே இல்லை.

ஆனால் அசையாமல் நிற்கிறவளை எத்தனை நாள் பார்ப்பது? அப்போதுதான் தத்துவம் கை கொடுத்தது. அவள் குடும்பத்தை ஆடினால்தானே அவள் நாள் நகரும்? எதிர்வீட்டை ஆடலாமே! கடைக்கு எதிரே காலியாகக் கிடந்த வீட்டில் ஒண்டிக்கட்டை ஒருவரை உண்டாக்கிக் குடிவைத்தார். முகம் தன்னுடையது. தொப்பையை மட்டும் விட்டுவிட்டார், அந்த அளவுக்கு உண்மை தேவையில்லை. தினமும் வேலையிலிருந்து வந்து கை கழுவியதும் அரை மணி நேரம். அங்கே அது ஒரு முழு நாள். ஒண்டிக்கட்டை காலையில் தெருவைத் தாண்டிப் போய் ஒரு விளக்கு வாங்குவார். கடைக்காரம்மா சிரித்துப் பேசுவாள். அங்கே இருட்டியதும் இவர் பதிவு செய்துவிட்டு மூடுவார். பதினோரு நாளில் அந்தச் சின்ன வீட்டில் படுக்கையைச் சுற்றிப் பதினோரு விளக்குகள் நின்றன. மகளிடம் மூச்சு விடவில்லை. வாரக் கணக்காகச் சோறு இறங்காமல் கிடந்தவர், அந்த நாட்களில் இரண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டார்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானமே உட்கார்ந்தார். ஒண்டிக்கட்டை முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. எதிர்க் கடைக்காரம்மா காலமாகிவிட்டார் என்று அதில் இருந்தது. அவ்வளவுதான், மழை வரும் என்று சொல்வது போல.

மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்பா, நீங்க எந்த வீட்டை ஆடினாலும் ஊருக்கே வயசாகும். அது ஒரே கடிகாரம்பா."

"அப்ப நான் போய்ப் போய்ப் பாத்துதான் அவ நாளைத் தீத்தேனா?"

நேற்றைய பதிவு இருக்கிறது, அதைத் திறந்து யாருக்கும் வயதாகாதபடி மாற்றிவிடலாம், எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று நானே சொல்கிறேன், அதற்கப்புறம் அந்த அம்மா சாகவே மாட்டாள் என்றாள். அவர் லேப்டாப் மூடியைத் தடவினார். காகிதத்தின் ஒரு முனை பிய்ந்திருந்தது.

"சாகாம நிறுத்த வேணாம்மா. உங்கம்மா திட்டுவா. நேத்தைக்கு மட்டும் திரும்பிப் போறது எப்படின்னு சொல்லு. இந்தத் தடவை பக்கத்துல நிக்கணும், அவ்வளவுதான்."

மனைவியின் சட்டத்தில் பாதியைத்தான் மீறினார்.

கடை திறக்கும் முன்பே ஒண்டிக்கட்டை வாசலில் நின்றார். கடைக்காரம்மா வந்தாள்; இந்தத் தடவை சாவு அதே நிமிஷத்துக்கு வரவில்லை. பன்னிரண்டாவது விளக்கை வாங்கியாயிற்று. அப்புறம் என்ன செய்வது? அவள் மேல் அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். பேரம் பேசலாம். நகைச்சுவை சொல்லலாம். புகழலாம். வானிலை பற்றிப் பேசலாம். உட்கார் என்று சொல்ல அதில் இடம் இல்லை. தண்ணீர் கொடுக்க இடம் இல்லை. அன்றைக்குப் போனை எடுக்காமல் விட்டேன் என்று சொல்லவா இடம் இருக்கப் போகிறது! மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு வானிலையை அழுத்தினார். பேசி முடித்தார்கள். மறுபடியும் வானிலையை அழுத்தினார். கடைக்கு யார் யாரோ வந்து போனார்கள். ஒண்டிக்கட்டை நகரவில்லை.

போன் அடித்தது. கம்பெனியில் புகார் எடுக்கும் பெண். வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள், உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான் என்றாள். உள்ளே விளக்கு எரிகிறதா, ஃபேன் ஓடுகிறதா என்று விசாரித்தார். இரண்டும் உண்டு. கதவை நெம்ப வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். டவுன்பக்கத்து மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்து, அவர் இருபது நிமிடத்தில் போய்விடுவார் என்றார்.

"நீங்க வர முடியாதா சார்? வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

திரையில் கடைக்காரம்மா ஒரு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. என் வீட்டுக்காரிக்கு முடியல. பக்கத்துல இருக்கேன்" என்றார்.